வீட்டுக்காரரைக் கூப்பிட்ட செபமாலை அண்ணை

செபமாலை அண்ணை இறந்த செய்தி வந்தபோது நான் ஆனையிறவில் நின்றேன். ஒல்லாந்திலிருந்து வந்திருந்த ஒரு கணவனுக்கும் மனைவிக்கும் கடல்நீரேரியைக் கைகாட்டி, எந்தப் பக்கமிருந்து யார் வந்தார்கள், எந்தப் பக்கம் யார் பின்வாங்கினார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதுதான் என் தொழில். பழைய போர்க்களங்களை ஒரே நாளில் சுற்றிக் காட்டுவது. காலையில் யாழ்ப்பாணக் கோட்டையில் தொடங்கி, மாலையில் விடுதி வாசலில் கொண்டுவந்து இறக்குவது. தொலைபேசியில் அவருடைய மகள் றெஜினா.

"மாமா, அப்பா போட்டார். விடிய எழும்பேல்லை."

அவள்தான் தொடர்ந்தாள். "நீங்களும் அப்பாவும் கதைக்கிறேல்லை எண்டு எனக்குத் தெரியும். அதுக்காக வராமல் விட்டிடாதேங்கோ."

பதினான்கு மாதங்களாக நாங்கள் கதைக்கவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு, பாதியில் விட்ட வாக்கியத்தை முடித்தேன். திரும்பும் வழியில் அந்தப் பெண், இறந்தவர் உங்களுக்கு என்ன முறை என்று மரியாதையாகக் கேட்டாள். "முன்பு என்னோடு வான் ஓட்டியவர்" என்று சொன்னேன். அந்தப் பதிலுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

இதை வாசிப்பவர்களில் பலர் அவரை அறிந்தவர்கள். மயிலிட்டியில் பிறந்து, கடலில் வளர்ந்து, தொண்ணூறில் இராணுவம் வந்தபோது எல்லோரோடும் சேர்ந்து ஊரைவிட்டு வெளியேறி, கொழும்புத்துறையில் ஒரு வாடகை வீட்டில் மீதி வாழ்க்கையைக் கழித்தவர். வள்ளம் போன பிறகு வான் வாங்கியவர். அவர் உயிரோடு இருந்தபோது, "சனத்தின்ரை சாவைக் காட்டிப் பிழைக்கிறான்" என்று தேநீர்க் கடையில் இருந்து சொன்னவர்களும் உங்களில் இருக்கிறார்கள். அவர் காதில் விழும்படியே சொன்னார்கள். இப்போது சந்தியில் தொங்குகிற கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளில் ஆகப் பெரியது அவர்களுடையது. பெயர்களை இங்கே எழுதவில்லை. மறந்துபோனதால் அல்ல.

அந்த வானைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். பழைய வான், வாங்கும்போது வெள்ளை நிறம். வெள்ளை வானில் ஏற்றப்பட்டவர்கள் வீடு திரும்பாத ஊர் இது. வாங்கி இரண்டாம் நாளே, வள்ளத்துக்கு அடிக்கிற நீலத்தை வாங்கி, தூரிகையால் தானே அடித்தார். கிட்டப் போய்ப் பார்த்தால் தூரிகை போன வழியெல்லாம் தெரியும். நான் சிரித்தேன்.

"சிரியும்," என்றார். "வெள்ளை வானிலை ஆரை ஏத்துறது? ஏறினவன்ரை பெண்சாதி படலையிலை நிண்டு அழத் தொடங்கிவிடுவாள்."

கோட்டை வாசலில்தான் நாங்கள் கூட்டுச் சேர்ந்தோம். நான் வரலாற்றில் பட்டம் பெற்றவன். பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் பதவிக்கு மூன்று தடவை நேர்முகத்துக்குப் போய், மூன்று தடவையும் என்னைவிடக் குறைவாகப் படித்தவர்களிடம் தோற்றவன். வரைபடங்களையும் அம்புக்குறிகளையும் கோப்பில் அடுக்கிக்கொண்டு வெளிநாட்டவர்களைத் தேடித் திரிந்தேன். அவரிடம் வான் இருந்தது, ஆங்கிலம் இல்லை. என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எப்போதும் "பட்டதாரியார்" என்றுதான். அதில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று நான் கடைசிவரை பிரித்துப் பார்க்கவில்லை.

முதல் பயணமே நினைவிருக்கிறது. முகமாலைப் பக்கம், கண்ணிவெடி அகற்றி முடிந்த ஒரு காணி. மண் அணையும் பதுங்குகுழியும் அப்படியே இருந்தன. வானிலிருந்து இறங்கி, மூன்று பயணிகளையும் அழைத்துக்கொண்டு நேரே உள்ளே நடந்தேன். அவர் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், இடிந்த இரண்டு தூண்களுக்கு நடுவே, ஒரு காலத்தில் படலை இருந்த இடத்தில் நின்றுகொண்டு, அயல் வீட்டுக்குப் போகிறவர் போலக் குரல் கொடுத்தார்.

"வீட்டுக்காரர்! வீட்டுக்காரர்!"

பிறகு பேசாமல் நின்றார். உள்ளே வீடு இல்லை, கூரை இல்லை, ஒரு கிணறு மட்டும் இருந்தது. பயணிகள் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. கிட்டப் போய் மெதுவாகக் கேட்டேன்.

"என்னண்ணை செய்யிறியள்? இஞ்சை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லைத்தான்."

"பிறகென்ன?"

"வீட்டுக்காரர் இல்லாத நேரம் கேக்காமல் உள்ளுக்கை போறவனுக்கு என்ன பேர், பட்டதாரியார்?"

நான் நகரப் பார்த்தேன். கையால் மறித்தார். "பொறும். அடுப்படியிலை நிக்கிற மனிசர் கை கழுவிக்கொண்டு வரவேண்டாமோ." அந்தளவு நேரம் நின்றுவிட்டுத்தான் காலை எடுத்து உள்ளே வைத்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். இது இன்னாருடைய காணி, அவர் இரண்டு மாடு வைத்திருந்தார், மூத்த மகள் தையல் படித்தவள் என்றார். கேட்டு வைத்திருந்திருக்கிறார். பயணம் போகும் இடமெல்லாம் முதல் நாளே போய், பக்கத்துக் கடையிலோ கோயிலிலோ விசாரித்து, எந்தக் கிணறு யாருடையது என்று தெரிந்துகொண்டுதான் வான் எடுப்பார். வீடுகளை இடித்துத் தள்ளியவர்களுக்குக் கிணறுகளைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. அவருடைய வரைபடம் கிணறுகளால் ஆனது.

போர்க்களம் என்ற சொல்லை அவர் ஏற்கவேயில்லை. நான் பயணிகளுக்குச் சொல்லும்போதெல்லாம் முன் இருக்கையிலிருந்து திருத்துவார். "களம் இல்லை, வளவு எண்டு சொல்லும். களம் எண்டா ஆரும் வந்து அடிபட்டிட்டுப் போகலாம். வளவுக்கு ஆள் இருக்கு." வீடும் கிணறும் வேலியுமாகக் கிடக்கிற வளவை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாததை அவர் அறிந்துகொண்டு, ஒவ்வொரு பயணத்திலும் கேட்பார்.

அவர் கண்ணீர் வியாபாரி என்று சொன்னவர்களுக்கு இந்தச் சம்பவத்தைச் சொல்ல விரும்புகிறேன். கனடாவிலிருந்து வந்த நம்மவர் ஒருவர் கமராவைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். "ஐயா, உங்கடை வீடு போனதைச் சொல்லுங்கோ. அப்பிடியே மனசுக்குள்ளை வாறதை விடுங்கோ," என்றார். கண்ணுக்குக் கீழே கமராவைக் கிட்டக் கொண்டுபோனார். செபமாலை அண்ணை தலையைத் திருப்பாமல் சொன்னார்: "தம்பி, பயணத்திலை மத்தியானச் சாப்பாடு இருக்கு, தண்ணிப் போத்தில் இருக்கு. அழுகை உதுக்குள்ளை இல்லை. வேணுமெண்டா நீங்கள் அழுங்கோ, நான் பிடிச்சுத் தாறன்."

இன்னொரு நாள், தென்னிலங்கையிலிருந்து ஒருவர் மனைவியோடும் வளர்ந்த மகனோடும் வந்தார். ஓய்வுபெற்ற படையாள். ஊன்றுகோலோடு நடந்தார். தான் நின்ற இடத்தை மனைவிக்குக் காட்ட வேண்டும் என்றார். கொடிகாமத்தில் ஷெல் விழுந்து என் அண்ணன் செத்த ஆண்டில் அவர் முகமாலையில் நின்றிருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து அவரோடு நான் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. செபமாலை அண்ணை வழக்கம்போலத் தூண்களுக்கு நடுவே நின்று கூப்பிட்டார். இவர் என்ன செய்கிறார் என்று அந்த மனிதர் மகனிடம் கேட்க, மகன் ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டான். சொன்னேன். மகன் சிங்களத்தில் தகப்பனுக்குச் சொன்னான்.

அந்த மனிதர் தொப்பியைக் கழற்றினார். தூணைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார். "கெதர கவுருத் நெத்த?" வீட்டில் ஒருவரும் இல்லையா என்று அர்த்தம். பிறகு அவரும் நின்றார், கை கழுவிக்கொண்டு வரும் நேரம்வரை.

மாலையில் அவர்களை இறக்கிவிட்ட பிறகு செபமாலை அண்ணை சொன்னார்: "உவரும் கூப்பிட்டிட்டார். நீர்தான் இன்னும் கூப்பிடேல்லை."

உண்மைதான். மூன்று வருடம் அவரோடு திரிந்தும் நான் ஒரு படலையிலும் கூப்பிட்டதில்லை. படித்தவன் வெறும் வெளியைப் பார்த்துச் சத்தம் போடுவதா என்பது ஒரு காரணம். அந்த ஊன்றுகோல்காரர் செய்ததை நானும் செய்வதா என்பது பிறகு சேர்ந்த காரணம். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. செபமாலை அண்ணை மன்னித்தாரா என்றும் எனக்குத் தெரியாது. அவர் யாரையும் மன்னிக்கச் சொல்லவில்லை. கேட்டுவிட்டு உள்ளே போகச் சொன்னார், அவ்வளவுதான்.

கூப்பிடாததற்கு நான் வாங்கிக் கட்டிய நாளையும் மறைக்க விரும்பவில்லை. அவருக்குக் காய்ச்சல். வேறு வாகனம் பிடித்துக்கொண்டு நான் தனியே போனேன். வலிகாமத்தில், புதிதாக விடுவிக்கப்பட்ட ஒரு காணி. பதுங்குகுழியின் மேலே ஏறி நின்று, துப்பாக்கி எந்தக் கோணத்தில் இருந்திருக்கும் என்று நான்கு பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். கிணற்றடிப் பற்றைக்குப் பின்னாலிருந்து ஓர் அம்மா கத்தியோடு எழுந்து வந்தார். பற்றை வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் கழிந்து தன் காணிக்குள் அவர் கால் வைத்து அது இரண்டாம் நாளாம்.

"ஆர் நீங்கள்?"

"அம்மா, நாங்கள் சுற்றுலா..."

"நேற்றுத்தானே ஆமி போனவங்கள்," என்றார். "இண்டைக்கு நீங்களோ?"

பயணிகள் மொழிபெயர்க்கச் சொன்னார்கள். முடியவில்லை என்றேன். பின்னால் செபமாலை அண்ணையிடம் இதைச் சொன்னபோது அவர் என்னைத் திட்டவில்லை. பாயில் படுத்தபடி, "அந்த மனிசி பற்றையை வெட்டி முடிச்சிட்டாவோ?" என்று மட்டும் கேட்டார். காய்ச்சல் விட்டதும், ஒரு நாள் போய் மீதியை வெட்டிக் கொடுத்துவிட்டு வந்தார்.

இனி வேலியடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சண்டை அங்கேதான் வந்தது.

அவருடைய வளவு மயிலிட்டியில் இராணுவம் இன்னும் விடுவிக்காத பகுதிக்குள் இருக்கிறது. எத்தனை தடவை மனுக் கொடுத்தார் என்று எண்ணவில்லை. ஒரு தடவை அலுவலகத்தில் காணிப் பட்டியல் ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். அவருடைய அயல் காணிக்கு நேரே "உரிமையாளர் தோன்றவில்லை" என்று எழுதியிருந்தது. அந்தக் குடும்பம் முழுவதும் வெளிநாட்டில்; யாரும் வந்து கேட்கவில்லை. இரண்டு சொல் எழுதி முடித்துவிட்டார்கள். அன்றைக்கு அவர் திரும்பி வந்து சொன்னது: "மாதாதான் தோன்றுவா எண்டு இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தன். இப்ப நானும் தோன்றவேணுமாம். சரி, தோன்றுவம்."

அதன் பிறகு ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும், மாலை ஐந்து மணி அளவில், வானை முட்கம்பி வேலியோரம் நிறுத்துவார். பயணிகள் எங்கிருந்து வந்தவர்களாக இருந்தாலும் இறங்க வேண்டும். வேலிக்கு அப்பால், பற்றைகளுக்கு மேலால், ஒரு கிணற்றின் துலாக்கால் தெரியும். அவர் அதைப் பார்த்துக் கூப்பிடுவார். "வீட்டுக்காரர்!" கை கழுவும் நேரம் நிற்பார். பிறகு தானே பதில் சொல்வார். "ஓம், நிக்கிறன்."

முதல் தடவை காவலரணில் நின்ற ஆமிப் பையன்கள் ஓடி வந்தார்கள். பிறகு பழகிவிட்டது. ஒருவன் கையைத் தூக்கிக் காட்டும் அளவுக்குப் பழகிவிட்டது. ஒரு பிரெஞ்சுக்காரர், இதனால் என்ன பயன் என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். "ஒருத்தனும் தோன்றேல்லை எண்டு உவங்கள் எழுதேக்கை, தோன்றினதைக் கண்டவன் எண்டு சொல்ல உலகம் முழுக்க எனக்குச் சாட்சி இருக்கு," என்றார். "உம்மையும் சேர்த்துத்தான் எண்டு சொல்லும்."

கொழும்பிலிருந்து ஒரு பயண நிறுவனம் எங்களைத் தேடி வந்தது. எல்லாப் பயணங்களையும் அவர்களே ஒழுங்கு செய்வார்களாம். புது வாகனம், அச்சிட்ட நிகழ்ச்சி நிரல். அதில் ஒரு வரி: வேலியோரத்தில் நிறுத்தக் கூடாது, காணி விடயங்களைப் பேசக் கூடாது. அவர்களின் இணையத் தளத்தில் என் படத்துக்குக் கீழே போர் வரலாற்று நிபுணர் என்று போடுவதாகச் சொன்னார்கள். ஐம்பது வயது கடந்த பிறகு முதல் தடவையாக ஒருவர் என்னை நிபுணர் என்றார். நான் கையெழுத்துப் போட்டேன்.

செபமாலை அண்ணை தாளைக் கையில் வாங்கவேயில்லை. நான் வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டார்.

"நீர் கதைக்கிறதுக்கு உவங்கள் நல்ல இடம் தருவாங்கள், பட்டதாரியார். எனக்கு நிக்க ஓரிடம்தான் கிடந்தது. அதைத்தான் வெட்டியிருக்கு."

"அண்ணை, ஒரு வேலிக்காக எல்லாத்தையும் விடுறதோ?"

"நீர் போம். உமக்கு உது வேலி."

அவ்வளவுதான் எங்கள் சண்டை. சத்தம்கூடப் போடவில்லை. அடுத்த பதினான்கு மாதம் அவர் தனியாக ஓடினார். ஆங்கிலம் தெரியாத ஒருவர் நீல வானில் யாரை ஏற்றுவார் என்று நினைத்தேன். ஏற்றினார். முன்பு வந்தவர்கள் அனுப்பியவர்கள் வந்தார்கள். கையாலும் கிணற்றாலும் சொல்லியிருக்கிறார். நான் குளிரூட்டிய வாகனத்தில் அதே வீதியால் போகும்போது, ஐந்து மணிக்கு, வேலியோரம் அந்த நீலம் நிற்பதை இரண்டு மூன்று தடவை கண்டிருக்கிறேன். ஒரு தடவை அவர் என்னைக் கண்டார். கையைத் தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை. யார் முதலில் தூக்குவது என்று நான் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் செத்துப்போனார்.

இறுதிச் சடங்கு கொழும்புத்துறையில் நடந்தது. மயிலிட்டி மண்ணுக்குப் போக வேண்டியவரைக் கொழும்புத்துறை மண் எடுத்துக்கொண்டது. இரங்கல் உரைகள் நடந்தன. ஒருவர் அவரைச் சமாதானத்தின் தூதர் என்றார். இன்னொருவர் வரலாற்றின் காவலர் என்றார். அவர் இருந்திருந்தால் இரண்டு பேரையும் படலைக்கு வெளியே நிறுத்தியிருப்பார். என்னையும் பேசச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். என்ன தகுதியில் பேசுவது?

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் றெஜினா வந்தாள். கையில் வான் திறப்பு.

"மாமா, சனிக்கிழமைக்கு ரெண்டு பேர் வாறதாய்ச் சொல்லியிருக்கினம். அப்பா ஓமெண்டு சொல்லிப்போட்டார். எனக்கு வான் ஓடத் தெரியும். கதைக்கத்தான் ஆள் வேணும்."

"நான் கையெழுத்துப் போட்டிருக்கிறன், பிள்ளை. அந்த வேலியடியிலை நான் இறங்கேலாது."

"தெரியும்," என்றாள். "அப்பா சொன்னவர். நீங்கள் இறங்குவியள் எண்டும் சொன்னவர்."

எப்போது சொன்னார் என்று கேட்டேன். திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று மாலையே நிறுவனத்துக்கு இரண்டு வரி எழுதினேன். மறுநாள் என் படத்தை எடுத்துவிட்டார்கள். என் நிபுணர் பதவி பதினான்கு மாதம் நீடித்தது.

சனிக்கிழமை வந்தவர்கள் இரண்டு ஜேர்மன்காரர்கள். முகமாலையில் நான் கூப்பிடவில்லை, றெஜினா கூப்பிட்டாள். ஐந்து மணிக்கு வேலியடியில் வான் நின்றது. அவள் ஸ்ரேறிங்கைப் பிடித்தபடி அசையாமல் இருந்தாள். இறங்கப் போகிறாளா என்று பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் இறங்கினேன்.

முதல் தடவை சத்தம் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை சரியாக வந்தது.

"வீட்டுக்காரர்!"

துலாக்காலில் ஒரு காகம் இருந்தது. நான் நின்றேன். அடுப்படியிலிருந்து ஒருவர் கை கழுவிக்கொண்டு வரும் நேரம் இவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பதில் வராவிட்டால், அந்தப் பட்டியலில் இன்னொரு காணிக்கு நேரே அந்த இரண்டு சொல்லும் ஏறிவிடும். எனக்குப் பின்னால் வான் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"ஓம், நிக்கிறன்," என்றாள் றெஜினா.

காவலரணிலிருந்து அந்தக் கை தூக்குகிறவன் இறங்கி வந்தான். உடைந்த தமிழில் கேட்டான். "ஐயா எங்க? ஐயா வரல்லயா?"

"அவர் இனி வரமாட்டார்," என்றாள் அவள். "நான் வருவன்."

நீல வான் றெஜினாவுடையது. வளவு அவளுடையது, உறுதிப் பத்திரமும் அவளிடம் இருக்கிறது. அவருடைய படம்கூட என்னிடம் ஒன்றில்லை. அவர் கமராவுக்கு நின்றவரும் இல்லை. நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. கூப்பிட்டுவிட்டு உடனே உள்ளே போகாமல், வீட்டுக்காரர் வருவார் என்று நிற்கிற அந்தச் சிறு நேரம். சந்தியில் பதாகை கட்டியவர்களுக்கும், நிகழ்ச்சி நிரலில் வேலியடியை வெட்டியவர்களுக்கும், பட்டியல் எழுதுபவர்களுக்கும் இதையே சொல்கிறேன். அதை என்னிடமிருந்து எடுக்க விரும்புகிறவர்கள், முதலில் படலையில் நின்று கூப்பிடட்டும்.